ஞாயிறு வகுப்பு

பர்கூர் ஜவுளிக்கடையில்
மீட்டர் கணக்கில் துணி கிழிக்கிறவள் நான்.
விழும் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்வேன்;
ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளுக்கென்று
முதலாளிக்குத் தெரியும்.
இந்த முறை உள்ளங்கை அகலத்தில் ஏழு:
வெள்ளை, மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம்,
காப்பிக்கொட்டை நிறம்,
ஆடித் தள்ளுபடியிலும் போகாத ஒரு கறுப்பு.

சபைக்குப் பின்னால்
லாரி எப்போதோ இறக்கிவிட்டு மறந்துபோன
கிரானைட் பலகை.
மே மாதம், பத்தரை மணி.
கல்லில் கைவைத்த எஸ்றா
ஒரு கெட்ட வார்த்தையின் முதல் எழுத்தோடு
நிறுத்திக்கொண்டான்.

ஜூஸ் கடை அப்சல் அண்ணன்
தூக்குவாளி நிறைய ஐஸ் தந்தார்.
காசு வேண்டாமாம்.
"உங்க சாமி கணக்குல எழுதிக்கம்மா."

முதல் தடவை தோற்றோம்.
துணிகளைக் கல்லின்மேலேயே விரித்துவிட்டேன்;
ஏழு கட்டியும் ஒரே மூச்சில் தண்ணீர்.
கல்லுக்கு நிறம் பார்க்கத் தெரியவில்லை.
பிறகுதான் டிவி வந்த தெர்மாகோலை
ரூபவதி வீட்டிலிருந்து ஓடி எடுத்துவந்தாள்.

காத்திருக்கும் நேரத்தில் சொன்னேன்:
முதல் நாளில் அவர் ஒரு சொல்தான் சொன்னார்,
எல்லா நிறமும் அதற்குள் சேர்ந்தே வந்தது.
சிவப்புத் துணி
மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டுச்
சிவப்பை மட்டும் திருப்பி எறிகிறது.
கண் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.
"அப்போ அது வேணாம்னு விட்டதையா
அதுக்குப் பேரா வச்சோம்?"
என்றாள் ரூபவதி.
இருபது வருடமாய்த் துணி விற்கிறேன்,
எனக்கு இது தோன்றியதில்லை.

"கறுப்பு ஃபர்ஸ்ட்!"
கிதியோன் கத்தியதில் காகம் பறந்தது.
பச்சையா சிவப்பா அடுத்தது என்பதில்
இன்றுவரை வழக்கு.
வெள்ளையின்மேல் இருந்தது மட்டும்
போதகரின் அங்கி மடிப்புபோல்
விறைப்பாகவே நின்றது.

இனி நான் சார்ட்டைக் காட்ட வேண்டும்.
தலைமையகம் அனுப்பியது, லேமினேட் செய்தது:
கறுப்பு இதயம் பாவம்,
வெள்ளை இதயம் சுத்தம்.
அதற்குள் தபீத்தாள் வந்து நின்றாள்,
முகத்துப் பவுடரில் வேர்வை
இரண்டு கோடு இறங்கியிருந்தது.
ஐந்து வயதுக்கு அத்தனை பவுடர்
அம்மாதான் அப்பி அனுப்புகிறாள்.

"வெள்ளை ஏங்கா வாங்கிக்கல?"
வாங்கியதை அப்படியே எல்லாருக்கும்
கொடுத்துவிடுகிறது, என்றேன்.
"கறுப்பு?"
வந்ததையெல்லாம் உள்ளே வைத்துக்கொள்கிறது.
"வெளிச்சத்த உள்ள வச்சுக்கிட்டா சுடுமா?"
சுடும்.
தன் முழங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு அதை எடுத்து
என் கையின்மேல் வைத்தாள்.
"பாருங்க."

சுட்டது.

சார்ட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
பாவத்தைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம்,
அது எங்கும் போய்விடாது.

முடிவு ஜெபம் கிதியோன்:
"ஆண்டவரே, எங்களுக்கு வெயில்ல வெள்ளைச் சட்டையும்
டிசம்பர்ல கறுப்பு ஸ்வெட்டரும் கொடும்.
மீதி ஐஸை எனக்குக் கொடும்."
ஆமென் சொல்லுமுன்பே
தூக்குவாளி காலி.

திங்கட்கிழமை ஓர் அம்மாள்
சுடிதார் துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
"கறுப்பு வேணாம், வெயிலை இழுக்கும்."
ஆமாம், இழுக்கும், என்றேன்.
அப்படிச் சொன்னால் வியாபாரம் எப்படி ஆகும்?
அவள் போனபின்
போகாத அந்தக் கட்டில் கை வைத்தேன்.
டியூப்லைட்டுக்கடியில் எத்தனை நாளோ,
ஜில்லென்றிருந்தது.
தோளில் தூக்கிக்கொண்டுபோய்
வாசலில் வைத்தேன்.
முதலாளி ஏன் என்று கேட்டார்.
விற்கத்தான், என்றேன்.