பின்னால் ஒரு கம்பி

மழை விட்டு இருபது நிமிடம்.
கேஜேஇ விட்டு இறங்கும் வளைவில்
இடது முன்சக்கரம் மறுபடியும்
தன்னந்தனியாகச் சுழன்றது.
ஒரு கணம்தான்.
ரெவ் முள் எகிற, கார் நின்ற இடத்திலேயே யோசிக்க,
ஸ்டியரிங் என் பிடியை உதறிக்கொண்டு
எதிர்ப்பக்கம் முகம் திருப்பியது.
பின்னால் வந்த லாரி விளக்கடித்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும்.
என்னுடையது ஆனைகூட இல்லை.
சிஓஇ முடியப் பதினோரு மாதம் இருக்கும்
சாம்பல் நிற ஸ்விஃப்ட்.
எனக்கு முன் வைத்திருந்தவர்
இன்ஜினுக்கு மட்டும் ஊட்டி வளர்த்திருக்கிறார்.
டர்போ, தடித்த எக்ஸாஸ்ட், நீல நிறத்தில் ஏதோ குழாய்.
தோள் பருத்து
இடுப்பு குழைந்த வண்டி.

காக்கி புக்கிட், நான்காம் தளம்.
"டயர் மாற்றணுமா?" என்றேன்.
போ செங் டயரைப் பார்க்கவேயில்லை.
பின்மூலையில் ஜாக் வைத்து ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினார்.
"இப்போ டிக்கிய மூடு, பார்ப்போம்."

மூடவில்லை.
பூட்டின் நாக்கு
நூலளவு தள்ளி விழுந்தது.
இன்னொரு முறை, கொஞ்சம் ஓங்கி.
அதே நூல்.
ஆறு வருடமாகத் தினமும் திறந்து மூடிய கதவு
எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது அதை.

அலமாரியில் கம்பிகள்.
எல்லாம் ஸ்கிராப்புக்குப் போன வண்டிகளின் விலா.
ஒன்றை உருவித் துடைத்தார்:
சிவப்புப் பெயின்ட், பாதி கிழிந்த ஸ்டிக்கர்,
போல்ட் துளையைச் சுற்றி
வேறு யாரோ இறுக்கிய வளையத் தடம்.

"சறுக்குறது முன்னால. நீங்க கட்டுறது பின்னாலயா?"
"பின்னால ஆட்டம் நின்னாத்தான் லா
முன்கால் தரையில நிக்கும்."

எனக்கு அது புதிதில்லை.
துவாஸில் இரவெல்லாம்
திரையைப் பார்த்தபடி கிரேன் ஓட்டுகிறவள் நான்.
கப்பல்மேல் நாற்பதடிப் பெட்டி ஊசலாடும்போது
பெட்டியை யாரும் பிடிப்பதில்லை.
மேலே டிராலியை
அது போகும் பக்கமே கொஞ்சம் அனுப்புவோம்.
அடங்கிவிடும்.
என் வண்டிக்கு இது ஏன் தோன்றவில்லை
என்பதுதான் வெட்கம்.

மூன்று துளை. நடுத் துளையில் பூட்டினார்.
"கடைசித் துளை வேணாம்.
மழையில வால் உன்ன முந்திடும்."
நூற்றிருபது வெள்ளி.
பதினோரு மாதத்துக்கா என்று
என் முகம் கேட்டிருக்க வேண்டும்.
"வண்டி போற அன்னிக்குக் கழற்றிக் கொண்டா.
பாதி தர்றேன்."

மறுநாளே ஜுபைதா புலம்பினாள்,
செகுரிட் முதல் செகார் வரை
முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டாளாம்.
உண்மைதான்.
வேகத்தடைகள் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன.
சாலையில் கோடு மாறும் இடத்தில் பெயின்டின் தடிமன் தெரிகிறது.
கதவுப் பையில் கிடந்த மலேசியச் சில்லறை,
டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு கிளிப்,
இதுவரை வாய் திறக்காதவை எல்லாம்
பேசத் தொடங்கிவிட்டன.

வியாழன் விடியற்காலை,
நல்ல மழை, அதே வளைவு.
உள்ளங்கை வேர்க்க, காலை மெல்ல அழுத்தினேன்.
பின்பக்கம் ஒரு நுனி நகர்ந்து
மனதை மாற்றிக்கொண்டது.
முன்னால்
இரண்டு சக்கரமும் ஈரத்தைக் கடித்தன.
அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காத ஒன்றை
ஜுபைதாவிடம் எப்படிச் சொல்வது?
அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பல அடுக்குக் கார் நிறுத்தத்தில்
யாருமில்லாத ஐந்தாம் தளம்.
ஜாக்கை எடுத்துப் பின்மூலையை நானே தூக்கினேன்.
டிக்கியை விட்டேன்.

டக்.

பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத்
துணியில் சுற்றி
ஸ்பேர் டயர்க் குழியில் வைத்தேன்,
பதினோரு மாதம் கழித்துத் தேவைப்படும்.