ஆ. அ. கொ.

கோயம்புத்தூரிலிருந்து வந்த படிவத்தில்
ஒரே ஒரு கட்டம் பாக்கி:
பதினோரு வருடம், ஒன்பது ஆட்கள்,
எத்தனை புதுச் சரக்கு?

இரண்டு.
முதலாவதற்கு ஆறு வருடம் போனது.
நொதிகலன் எப்போது பொங்கும், தெரியாது.
கரண்ட் போனால் நுண்ணுயிர்
எத்தனை நிமிடம் மூச்சுப் பிடிக்கும், தெரியாது.
மேட்டூர்த் தண்ணீர் பாமணியாற்றுக்கு வந்து சேர்வதற்குள்
குறுவைக்குத் தருவதாய்ச் சொன்ன இருநூறு லிட்டரும்
புளித்துப்போனது.
மன்னார்குடியில் மூன்று கடைக்காரர்கள்
அதற்குப் பிறகு எங்கள் போனை எடுக்கவில்லை.

இரண்டாவது பதினாலே மாதம்.
ரவூஃப் கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சி
"இது தேறாது" என்பான். தேறாது.
ரெஜினா கலனின் வயிற்றில் புறங்கையை வைத்து
அரை டிகிரி கூட என்பாள். கூடத்தான் இருக்கும்.
அந்த மூக்கையும் புறங்கையையும்
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மூன்றாவது இல்லை.
மூன்றரை வருடமாக இல்லை.

காரணம் எழுத இடம் விட்டிருந்தார்கள்.
பழைய நோட்டுகளை இறக்கினேன்.
முதல் வருடம், தலைஞாயிறு, உப்புப் பூத்த வயல், வேர்மண்:
'ஆரஞ்சு நிறம். அசுத்தம். கொட்டிவிட்டேன்.'
ஆறாம் வருடம், கரியாப்பட்டினம்:
'ஆரஞ்சு. அசுத்தம். கொட்டியாச்சு.'
போன ஐப்பசி, மறுபடி தலைஞாயிறு:
'ஆ. அ. கொ.'

மூன்றும் என் கையெழுத்து.

முதல் நோட்டில் மட்டும்
அசுத்தம் என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
வேறு மையால் அடித்திருக்கிறது.
போட்டவளுக்கு ஒன்றும் தெரியாது.
அடித்தவளுக்குக் கொஞ்சம் தெரிந்துவிட்டது.

ஒருவேளை அசுத்தமேதானோ என்னவோ.
காற்றில் வந்து ஒட்டியதாக இருக்கும்.
பத்தில் ஒன்பது அப்படித்தான் என்கிறது அனுபவம்.
இன்றைக்கு அதன் பேச்சை
அப்படியே எடுத்துக்கொள்ள மனசில்லை.

இரவு பத்தே கால். ரவூஃபைக் கூப்பிட்டேன்.
கூத்தாநல்லூரில் யாரோ மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.
"தலைஞாயிறா? அறுப்பு முடிஞ்சு
வயல் வெடிச்சுக் கெடக்குமேக்கா.
காய்ஞ்ச தாள்தான் இருக்கும்."
"வேர் இருக்கும்ல?"
"இருக்கும். எதுக்கு?"
"கொட்டுனதை அள்ள."

கொஞ்ச நேரம் மிக்ஸி மட்டும் பேசியது.

"விடியக்காலம் வர்றேன்" என்றான்.
"வா. வரும்போது
மூக்கை வீட்டுல வெச்சிட்டு வா."