பள்ளத்தின் பக்கம்

இருபத்திரண்டு வருடமாக
நாளைக்குப் பதினான்கு முறை
இந்த ஃபியோர்டைக் கடக்கிறேன்.
கார்களை வரிசையாய் நிறுத்தி,
முகப்பில் சங்கிலி மாட்டி,
எதிர்க்கரையில் கழற்றிவிடும் வேலை.
தலையைத் தூக்கினால் அந்த வெள்ளைக் கோடு.
இரண்டு கரும்பாறைகளுக்கு நடுவே
மலை தன் சட்டைப் பொத்தானைப்
போட மறந்ததுபோல.

இன்று அதன் தலைமாட்டில் நிற்கிறேன்.
கீழே, விரல் நக அளவில், என் படகு.
நான் இல்லாமலும் நேரத்துக்குக் கிளம்புகிறது.

ராக்ன்ஃப்ரிட் தன் பீக்கனை
என் நெஞ்சுக்கு நேரே நீட்டுகிறாள்.
பீப்.
"சரி, இருக்கிறீர்கள்."
பள்ளிக்கூடப் பையோடு என் படகில் வந்த பெண்தான்.
ஒருநாள் ஒரு கையுறையைக் கடலில் விட்டுவிட்டு
அழமாட்டேன் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள்.
மறந்திருப்பாள். நானும் கேட்கவில்லை.
இன்று அவள் காட்டும் இடத்தில்
நான் நிற்கிறேன்.

மண்வாரியால் பனியை வெட்டி
ஒரு தூண் செய்தாள்.
மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து,
தோளிலிருந்து பத்து.
கதவு தட்டுவதுபோலத்தான் தட்டினாள்.
யாரும் திறக்கவில்லை.
"நல்லது" என்றாள்.

ஆலேசுண்டிலிருந்து வந்த பல் மருத்துவர் ஐவின்
ஆரஞ்சு உரிக்கிறார்.
தோல் தீர்ந்துவிட்டது. இன்னும் உரிக்கிறார்.

சரிவுக்குள் இறங்கி, குறுக்கே நிற்கச் சொன்னாள்.
நிமிர்ந்து நின்றால்
முழங்கை பனியில் இடிக்கிறது.
நாற்பத்தைந்து பாகை என்று
புத்தகத்தில் படித்தது இதைத்தான்.

உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
மலைப் பக்கம் ஒண்டிக்கொள்.
ஒண்டினேன்.
ஸ்கீயின் விளிம்பு பிடிவிட,
இரண்டு ஆள் நீளம் சரிந்தபின்
அவள் கோல் குறுக்கே வந்து நிறுத்தியது.

"மலையில் சாய்ந்தால் மலை கைவிடும்.
கீழ்க்காலில் நில்லுங்கள்.
மார்பைப் பள்ளத்துக்குக் காட்டுங்கள்.
கோலை ஊன்றி, குதித்து, திரும்புங்கள்."
"குதித்த பிறகு?"
"பிறகு நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை.
இறங்கிவிடுவீர்கள்."

ஐவின் எட்டிப் பார்த்தார். வேண்டாம் என்றார்.
தோற்றவர் மாதிரி இல்லை,
சாப்பிட்டு முடித்து, பணம் வைத்துவிட்டு
எழுந்தவர் மாதிரி.
அவள் வயர்லெஸ்ஸில் பேசினாள்;
பின்முகட்டு வழியாக அவரை அழைத்துப்போக
ஓர் ஆள் வந்தான்.
எனக்குப் பாதி ஆரஞ்சு மிஞ்சியது.

அதைத் தின்றேன்.
கோலை எனக்குக் கீழே,
கை எட்டாது என்று தோன்றிய இடத்தில், குத்தினேன்.
குதித்தேன்.

ஸ்கீ இரண்டும் கடலைப் பார்த்திருந்த
அந்த அரை நொடியில்
என் எடை எங்கே போனதென்று தெரியவில்லை.
மனைவி பிரிந்ததும், முட்டியின் தேய்மானமும்,
ஜூனில் வரப்போகும் புதிய பாலமும்
யாருடைய கணக்கிலும் இல்லாமல் கிடந்தன.
பிறகு எல்லாம் சேர்ந்து
தடால் என்று
ஒரே காலில் வந்து நின்றன.
நின்றுவிட்டன!

கலைந்த பனி என்னை முந்திக்கொண்டு
ஸ்ஸ்ஸ் என்று கீழே ஓடியது.
"ஓடட்டும். அது போன பிறகு நீங்கள்."
மேலிருந்து அவள் குரல்.
ஒன்று. இன்னொன்று.
ஏழாவதில் விழுந்தேன், வாய் நிறையப் பனி.
அவள் சிரிக்கவில்லை.
"எட்டாவது" என்றாள்.

மறுநாள் காலை எட்டேகால் படகு.
தலையைத் தூக்கிப் பார்த்தேன்.
வெள்ளைக் கோட்டில் மேலிருந்து கீழாகச்
சின்னச் சின்ன வளைவுகள்,
நடுவில் ஒரு பெரிய மைக்கறை.
மதியத்துக்குள் காற்று அதைத் துடைத்துவிடும்.
லாரி ஓட்டுநர் ஒருவன் கண்ணாடியை இறக்கி
"எந்தப் பைத்தியம் அது?" என்றான்.

யாரோ, என்றேன்.
சங்கிலி மாட்டக் குனிந்தபோது
தொடை வலித்தது.
இரண்டும்தான்.
இரண்டுமே நேற்று
முறைவைத்துக் கீழ்க்காலாக இருந்தவை.