ஒன்றுமில்லை

உரிமத்தில் என் பெயர்தான் இருக்கிறது.
நிறுவனத்தின் பெயர் இல்லை.
ரோஸ்காமன் மாவட்டம், நீர் ஊறிய மேய்ச்சல் நிலம்,
அதற்கு நேரே: கோர்ம்லா ட்ரேனர்.
என் இடத்துக்கு வேறொருவரை அனுப்ப முடியாது.
எனக்குக் காய்ச்சல் வந்தால்
தோண்டும் இயந்திரத்துக்கும் காய்ச்சல்.

பதினான்கு வருடம் முன்பு, டப்ளினில்,
நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர்.
நடுவிலிருந்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்:
ஒரு நிலத்தில் ஒன்றுமில்லை என்று எப்போது சொல்வீர்கள்?
மனிதக் கை படாத மண் தெரியும்வரை
சுரண்டிப் பார்த்த பிறகு, என்றேன்.
சரியான விடை. குறித்துக்கொண்டார்.
மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்,
ஒன்றுமில்லை என்று சொல்ல
அரசே தந்த அதிகாரத்தோடு.

பெரும்பாலும் அதுதான் வேலை.
பொன் கழுத்தணி கிடைத்ததுண்டா என்று
கல்யாண வீடுகளில் கேட்பவர்களிடம்
நான் பேச்சை மாற்றிவிடுவேன்.
ஃபெஸ்டி பல்லில்லாத வாளியால் புல்லைத் தோலுரிப்பார்
(பல்லில்லாத வாளி: நிபந்தனை எண் நான்கு).
மாட்டின் பின்னால் கொக்கு போல
வாளியின் பின்னால் நான்.
கோப்பையின் விளிம்பு, வடிகால் ஓடு,
ஆட்டுத் தாடை, நீல நைலான் கயிறு.
மாலையில் படிவம்.
தொல்லியல் மதிப்புள்ள எதுவும் காணப்படவில்லை.
கையொப்பம். தேதி.

இன்று மலாக்கி டியர்னனின் நிலம்.
சாணித் தொட்டி கட்டுகிறார்.
பக்கத்துக் கொட்டகைக்கும் நான்தான் வந்திருந்தேன்,
ஒன்பது வருடம் முன்பு, நவம்பரில்.
"போன தடவை ஒன்றுமில்லை என்றீர்கள்,
இந்தத் தடவையும் அப்படியே சொல்லிவிடுங்கள்,
வெள்ளிக்கிழமை கான்கிரீட் லாரி வருகிறது."

பதினொன்றரைக்கு வாளி நின்றது.
நான் கையுயர்த்தவில்லை.
ஃபெஸ்டிக்கு உரிமம் கிடையாது;
வாளியின் சத்தம் மாறியதாம்.

கரி.
கரிக்குள் நொறுங்கிய கற்கள், கூடை கூடையாக.
நெருப்பில் சுட்டு, தொட்டி நீரில் போட்டு,
வெடித்ததும் வீசப்பட்டவை.
மூவாயிரம் வருடமோ நாலாயிரமோ முன்பு
யாரோ இங்கே வெந்நீர் வைத்திருக்கிறார்கள்.
இறைச்சிக்கா, குளிக்கவா, தோல் பதப்படுத்தவா
என்று எங்களுக்குள் இன்னும் சண்டை.

முழங்காலிட்டு, கரண்டியால் விளிம்பைத் தேடினேன்.
வடக்கே மூன்று மீட்டரில் முடிந்தது.
கிழக்கே நாலில்.
மேற்கே முடியவில்லை.
மேற்கே கொட்டகைச் சுவர்.
கறுப்பு, அதன் அடியில் நுழைந்து போயிற்று.

மலாக்கி சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"அதன்மேல் எழுபது மாடு நிற்கிறது" என்றார்.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
லாரிக்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டே
உள்ளே போனவர், கெட்டிலோடு திரும்பினார்;
மூன்று குவளை, பால் இல்லை,
பால்காரன் வீட்டில்தான் பால் இருக்காது என்று ஃபெஸ்டி.
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து குடித்தோம்.
குழிக்குத் தார்ப்பாய் போட்டாயிற்று.
இனி ஒவ்வொரு கல்லின் பையிலும்
என் உரிம எண் எழுத வேண்டும்.

பிறகு அலுவலகத்துக்குப் பேசினேன்.
புது எண் உடனே கிடைத்தது.
பழைய எண்ணில் ஒரு திருத்தம் என்றேன்.
எதிர்முனையில் தட்டச்சு நின்றது.
அந்த இளைஞனின் பெயர் உல்டன், நல்ல பையன்,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று வருந்தினான்.

அந்த நவம்பர் எனக்கு நினைவிருக்கிறது.
நாலு மணிக்கே இருட்டு.
கடைசி ஆறு மீட்டரில் கணுக்கால் அளவு தண்ணீர்.
வாளி அதற்குள் போய் வந்தது.
விரல் விறைத்து, பேனாவை உள்ளங்கையில் பிடித்து எழுதினேன்.

"அந்தப் பகுதியை நீங்கள் பார்த்தீர்களா,
பார்க்கவில்லையா? ஏதோ ஒன்று போட வேண்டும்"
என்றான் உல்டன்.

நின்றேன், என்றேன்.
அங்கேதான் நின்றேன்.