வலக்கை வாசம்

இல்மயோகியில் ஜூன் இரவுக்கு
இருட்டத் தெரியாது.
பதினொரு மணிக்கும் மணி பார்க்காமல்
வேலையில் நிற்கிறது
பன்னிரண்டு ஹெக்டேர் சீமைச்சோம்பு.
நான் இங்கே கோடைக்கூலி,
சைமியின் உலர்த்தும் கொட்டகையில்.

போன வருஷம் இது வெறும் இலைக்கொத்து,
கேரட்டின் ஏழை உறவு போலத்
தரையோடு கிடந்ததாம்.
ஒரு முழுப் பனிக்காலத்தை வேரில் வாங்கிய பிறகே
பூக்கலாமென்று அதற்குத் தோன்றியிருக்கிறது.
இப்போது இடுப்புவரை வெள்ளைக் குடைகள்,
வெயிலைப் பிடிக்க நிமிர்த்தியவை.

ஓர்வோ திங்கள்தோறும் வருவார்.
மிதிவண்டி, காகித உறைகள்,
இடது கையில் கத்தரி.
பூத்து எட்டாம் நாள், பதினைந்தாம் நாள்
என்று உறைமேல் எழுதிப்
பச்சைக் காயைக் கொண்டு போவார்.
"என் வயலை முகர எனக்கு மூக்கு இருக்கிறது,
இயந்திரம் எதற்கு?"
என்று சைமி முணுமுணுப்பாள்.
ஆனாலும் ஒருநாள்
நுண்ணோக்கியில் குனிந்தாள்.

குறுக்கே அறுத்த ஒரு காய்.
ஒட்டிப் பிறந்த இரண்டு பாதிகள்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரப்பு,
வரப்புக்கு வரப்பு ஒரு வாய்க்கால்:
முதுகில் நான்கு, வயிற்றில் இரண்டு.
உள்ளே ஏதோ மினுங்கியது.
"தண்ணீரா?"
"எண்ணெய். சுவரிலுள்ள செல்கள் சுரந்து
உள்ளே விடுகின்றன.
வெளியே போக வாசல் வைக்கவில்லை."

முதலில் சுரப்பது லிமோனீன்.
ஆரஞ்சுத் தோலில் இருப்பதும் அதுதான்.
பிஞ்சை நசுக்கினால்
விரலில் கிறிஸ்துமஸ் வந்து போகும்,
சீமைச்சோம்பு வராது.
பிறகு ஒரு நொதி
அதன் விளிம்பில் ஓர் ஆக்சிஜனைச் செருகும்.
இன்னொன்று வந்து
இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றிப் போகும்.
மிஞ்சுவது கார்வோன்,
கம்பு ரொட்டியின் வாசம்.

புதினாவிலும் கார்வோன்தான் என்றார் ஓர்வோ.
அதே அணுக்கள், அதே எண்ணிக்கை,
ஆனால் கண்ணாடிக்குள் நிற்கும் பிம்பம்.
அது ஒளியை இடப்பக்கம் திருப்பும்,
இது வலப்பக்கம்.
"மூக்குக்கு இது எப்படித் தெரிகிறது?"
"கைக்குக் கையுறை எப்படித் தெரிகிறது?"
என்று தன் இடக்கையை நீட்டினார்.
பள்ளியில் அந்தக் கையை
மேசைக்கடியில் வைக்கச் சொன்னார்களாம்.
அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

ஜூலையில் மேகம் வந்து
ஒன்பது நாள் போகவில்லை.
ஓர்வோவின் தாளில் இரண்டு கூம்புகள்:
லிமோனீன் ஒன்று, கார்வோன் ஒன்று.
வாரத்துக்கு வாரம் ஏறவேண்டிய இரண்டாவது
குட்டையாகவே நின்றது.
வெயில் இல்லாத குடை
சர்க்கரைக்கு எங்கே போகும்?
இருந்த கொஞ்சத்தையும்
விதை தனக்கென்று எடுத்துக்கொண்டது.

பத்தாம் நாள் வெயில் அடித்தது,
வெட்கமே இல்லாத வெயில்.
"ஒரு வாரம் விடுவோம், ஏறட்டும்" என்றாள் சைமி.
"ஏறாது. காய் பழுப்பாகிவிட்டது,
கணக்கு முடிந்தது.
இனி உதிரத்தான் உதிரும்."
அவள் அவரைப் பார்த்த பார்வையில்
மேகத்தையே அவர்தான்
மிதிவண்டியில் கட்டி வந்ததுபோல் இருந்தது.

அறுவடை விடியலில்,
பனித்துளி காயும் முன்.
ஈரம் இருந்தால் காய் தண்டைப் பிடித்துக்கொள்ளும்.
கொட்டகைக்கு வந்த முதல் பாரத்தை
நான் கவனமாகத்தான் உலர்த்தினேன்:
காற்று கொஞ்சம் சூடேறினாலும்
வாசம் புகைபோக்கி வழியே
பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

உறையின்மேல் இடக்கையால் எழுதினார்:
நூற்றுக்கு மூன்று.
போன வருஷம் நான்கரை.
சைமி எதுவும் சொல்லவில்லை.
குவியலிலிருந்து ஒன்றை எடுத்துக்
கடைவாயில் வைத்தாள்.
புழு கடிக்காதிருக்க
அந்தச் செடி பூட்டி வைத்தது.
கடித்தாள்.
ஆறு வாய்க்காலும் ஒன்றாக உடைந்தன.

"இன்னொன்று கொடு" என்றாள் என்னிடம்.
குவியல் அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.