கேள்வி பதினான்கு

சொந்த ஊர் எது?
எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள்.

குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து மேலேறினோம்,
அனிந்திதா முன்னால், கட்டுத் தாளோடு நான் பின்னால்.
அவளுக்கு முனைவர் பட்டம் வரும்.
எனக்கு நாளுக்கு அறுநூறும் மதியச் சாப்பாடும்.
அவள் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும்,
அவர்கள் சொல்வதைச் சுருக்கித் தர வேண்டும்.

பெட்போர்டு தாண்டி ஒரு கண்ணாடி வீடு.
பெங்களூரை விட்டு வந்து பதினோரு மாதம்.
"நாங்க லோக்கல்தான்" என்றார்,
சோபாவில் நாயை நகர்த்தி
அவளுக்கு இடம் செய்தபடி.
நான் நின்றே எழுதினேன்: குன்னூர்.

உருளைக்கிழங்கு மண்டி ஜோகி கவுடர்
தராசிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"பொறந்தது ஹட்டி. யாவாரம் இங்க.
பையன் கோயமுத்தூர்ல பிளாட் வாங்கிட்டான்.
செத்தா ஹட்டிக்குத்தான் தூக்கிட்டுப் போவாங்க,
அத எழுதிக்க."
வரி போதாமல் ஓரத்தில் எழுதினேன்.

டீ மாஸ்டர் அஷ்ரப்:
"நாலு தலைமுறையா குன்னூரு.
சண்டை வந்தா மட்டும் மலப்புறம்."
காசு வாங்க மறுத்தார்.
அனிந்திதா அதைத் தனியாகக் குறித்துக்கொண்டாள்.

சென்னம்மா மார்க்கெட் ரோட்டைப்
பனி விலகும் முன்னே கூட்டிவிடுவாள்.
மத்தியானம்தான் பிடிக்க முடிந்தது,
மங்கி குல்லாயைக் கழற்றாமல்
குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.
"முனிசிபல் லைன்" என்றாள்.
அது தெருங்க அக்கா, ஊர்?
"ஊரா?
நீங்கள்லாம் இருக்கிறதுதானே ஊரு.
எங்க மாமியா கூட்டுச்சு, நான் கூட்டுறேன்.
வருசம் முழுக்க ஊரைக் கூட்டியும்
ஒரு ஆளு திரும்பிப் பார்த்ததில்ல."
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும்.

என்ன சொன்னாள், என்ன சொன்னாள்
என்றாள் அனிந்திதா.
கூட்டு என்றால் துடைப்பம்,
கூட்டு என்றால் ஆட்களைத் திரட்டுவது,
ஊர் என்றால், அது வந்து,
ஊர் என்றால் சேரி இல்லாதது.
அவள் மொழியில் மூன்றுக்கும் மூன்று சொல்.
நான் விளக்கி முடித்தபோது
யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் விடுதி வராந்தாவில்
பதில்களை எண்ணாக்கினோம்.
உள்ளூர் ஒன்று. வந்தேறியவர் இரண்டு.
பதிலில்லை என்றால் ஒன்பது.
கண்ணாடி வீட்டுக்கு ஒன்று.
அஷ்ரபுக்கு இரண்டு.
சென்னம்மாவின் தாளை விளக்கருகே கொஞ்ச நேரம் பிடித்திருந்து
"ஒன்பது போடு" என்றாள்.
போட்டேன்.

சாப்பிடும்போது கேட்டாள், உனக்கு?
எங்க அப்பா கப்பலில் வந்தவர்.
அட்டனில் இந்தியாக்காரன் என்றார்கள்,
இங்கே இறங்கியதும் சிலோன்காரன்.
இதையெல்லாம் சொல்லவில்லை.
"பக்கத்துலதான்" என்றேன்.

கடைசி பஸ்.
எங்க, என்றார் கண்டக்டர்.
டான்டீ லைன்.
"அங்க ஸ்டாப்பு கிடையாதுப்பா."
வளைவுல கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க, குதிச்சுக்கிறேன்.

அடுத்த ஸ்டாப்புக்கான காசை வாங்கிக்கொண்டு
சீட்டைக் கிழித்தார்.