பம்பு சத்தம்

ஞாயிறு, காலை ஐந்தே முக்கால்.
முதலில் அட்டையை இழுத்துப் பார்ப்பேன்.
பனியன் பெட்டி அட்டை. ஒரு மூலையில்
'எல் சைஸ், எழுபத்திரண்டு உருப்படி.'
ஒரு வாரமாய் எஞ்சினுக்கு அடியில் கிடந்தது.
நடுவே கருப்பாய் நாலு சொட்டு, பழைய பாக்கி.
ஓரத்தில் பழுப்பாய் ஒன்று, புதுசு.
தொட்டு முகர்ந்தேன். கியர் ஆயில்.
சரி, ஆடி முடியத் தாங்கும்.

அறுபத்தெட்டாம் வருடத்து மிட்ஜெட்.
இருக்கை இரண்டே இரண்டு. உட்கார்ந்தபடியே
கைநீட்டித் தரையில் கிடக்கும் புளியங்காயை எடுக்கலாம்.
கோத்தகிரியிலிருந்து இறக்கி வந்த அன்று
தலைவிளக்குக்குள் குளவிக் கூடு.
"இந்தக் காசுக்கு நாலு கறவை புடிச்சுக் கட்டியிருக்கலாமுங்க"
என்றார் எதிர்வீட்டு நாச்சிமுத்து.
சாணி போடாதுங்களே என்றேன்.
அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

உதிரி கிடைக்காது. கேட்டு வாங்க வேண்டும்.
கேஸ்கட், பம்புசெட் கடை கார்க்கில் வெட்டியது.
கார்புரேட்டர் குப்பிக்குள் விடுவது
எங்கள் கம்பெனி தையல் மிஷின் எண்ணெய்.
ஒருமுறை கிரைண்டர் பெல்ட்டைப் போட்டுத்
தாராபுரத்திலிருந்து வீடு வந்தேன்.
முன்சக்கரத்துப் புஷ்ஷை வெண்கலத்தில் கடைந்தது
சோமனூரில் தறிச் சாமான் செய்யும் தேவசகாயம்.
வண்டியைப் பார்க்க வெளியே வரவில்லை.
"தறி நின்னுபோச்சுன்னு ரண்டு பேரு காத்திருக்காங்க."
கூலி எழுபது ரூபாய்.

இப்போது வருகிற பெட்ரோல் ரப்பரைத் தின்கிறது.
குழாயை வாராவாரம் நசுக்கிப் பார்க்கிறேன்:
முறுக்காய் நொறுங்கினால் மாற்று,
வெண்டைக்காயாய் வழுக்கினாலும் மாற்று.
பிறகு ஒரு முழம் டியூப். ஒரு முனை என் காதில்,
மறுமுனை முதல் கார்புரேட்டர் வாயில்; அப்புறம் இரண்டாவதில்.
இரண்டும் ஒரே மூச்சாய் இழுக்கும்வரை
கால் திருகு, அரைக்கால் திருகு.
காப்பி ஆறிப்போகும்.

எல்லாம் எதற்கு?
பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில்
மூன்றாவது கியரில் நாற்பது நிமிடத்துக்கு.
மூடியைக் கழற்றிவிட்டால்
கறிக்கோழி லாரி கடக்கும்போது மடியில் வெள்ளை இறகு.
வெங்காயக் காட்டு வாசம், பண்ணை வாடை,
காற்றாலை இறக்கையின் நிழல்
ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிவிட்டுப் போகும்.
வேகம் அறுபதுதான்.
பஸ்காரர்கள் சிரித்துக்கொண்டே முந்துவார்கள்.

கோகிலவாணி ஏறமாட்டாள்.
"பெட்ரோல் வாடை. போதாக்குறைக்கு ஒழுகற குடை."
போன மாதம் உடுமலையில் அவள் சின்னம்மா மகள் சீர்.
அவளுடைய கார் சர்வீசில்.
வேறு வழியில்லாமல் பட்டுச்சேலையோடு ஏறினாள்,
மடியில் தாம்பாளம்.
குடிமங்கலம் தாண்டியதும் வண்டி
இருமிற்று, நின்றது.

பானட்டைத் திறந்தேன்.
பிளக், பாயிண்ட், காயில்,
எல்லாவற்றையும் ஒருமுறை திட்டினேன்.
காற்று அடித்த அடியில் என் வேட்டியே எனக்கு எதிரி.
தலைப்பை இழுத்துப் பிடித்தபடி அவள் கேட்டாள்:
"சாவி போட்டா டிக் டிக்னு ஒரு சத்தம் வருமே,
அது வரவே இல்லீங்களே?"

தாம்பாளத்தை இருக்கையில் வைத்தாள். இறங்கினாள்.
மரப்பிடி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டாள்.
"பின்சக்கரத்துக்கு உள்பக்கந்தானெ தட்டுவீங்க?"
பன்னிரண்டு வருடத்தில் அவள்
ஷெட்டுக்குள் கால் வைத்ததில்லை.
சமையலறை ஜன்னல்தான் அந்தப் பக்கம் திறக்கும்.
இரண்டு தட்டு.
டிக். டிக். டிக்டிக்டிக்.
நிறைந்ததும் தானாய் அடங்கியது.

மூன்றாம் பந்தியில் சாப்பிட்டோம்.
வழி நெடுக அவள் பேசியது ஒன்றுதான்,
வலப்பக்கக் கண்ணாடி ஆடுதாம்.

பட்டில் புளியங்கொட்டை அளவுக்கு கிரீஸ்.
பவுடர் போட்டு வைத்திருக்கிறாள். போகவில்லை.

ஞாயிறு, ஐந்தே முக்கால்.
அட்டையை இழுக்கக் குனிகிறேன்.
ஜன்னலில் மிக்ஸி நின்று குரல் வருகிறது:
"சோக்கை இன்னிக்குச் சித்தெ சீக்கிரமா உள்ள தள்ளுங்க.
போன வாரம் ரொம்ப நேரம் இருமுச்சு."